நான் துடைத்த ஐந்து எண்கள்

சாமான் கட்டும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

பபிள் ராப்பை எத்தனை சுற்று சுற்ற வேண்டும், கண்ணாடிக்கு எந்த மூலையில் ஃபோம் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்வார். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாதிச் சாமானைப் பழைய போர்வையில் சுற்றித்தான் அனுப்பினோம். வளைகுடாவில் இருபத்தாறு வருஷம் சாமான் கட்டினேன். என் கையால் ஒரு டம்ளர்கூட உடைந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன், தன்னடக்கமெல்லாம் எனக்கு வராது. ஆனால் நான் செய்த பெரிய சேதம், எதையும் உடைக்காமல் செய்தது. ஒரு மஞ்சள் துணியும் அரை பாட்டில் பெயின்ட் தின்னரும் அதற்குப் போதுமாக இருந்தன.

இப்போது நம் ஆட்கள் மியூசியங்களுக்கே சாமான் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் உங்கள் ஆபீஸில் கேட்டதும் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

முதலில் அல் கோபாரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் துபாயில் நடந்தது புரியாது. துபாய்க்கு வருவதற்கு முன்னால் நான் சவுதியில் இருந்தேன். அல் கோபாரில் ஒரு இன்ஜினியர், திருச்சிக்காரர், குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். அதே நாளில் ஜுபைலில் ஒரு தொழிலாளர் கேம்ப்புக்கும் எங்கள் வண்டி சாமான் ஏற்றிப் போனது. இன்ஜினியர் வீட்டு கார்ட்டன் ஒன்றில் பழைய ஸ்டிக்கர் ஒன்று அப்படியே இருந்தது. முன்பு எப்போதோ வேறு கம்பெனி ஒட்டியது. நம்பர் இருபத்தேழு. ஜுபைல் லிஸ்டிலும் ஒரு இருபத்தேழு இருந்தது. பெட்டி ஜுபைலுக்குப் போய்விட்டது.

அதற்குள் அவர்கள் மகளின் அசல் சர்ட்டிபிகேட் எல்லாம் இருந்தன. அந்தப் பெண் காலேஜில் சேர வேண்டிய நேரம். மூன்று வாரம் தேடினோம். கடைசியில் கேம்ப்பில் ஒரு கட்டிலுக்கு அடியில் இருந்தது. பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பிரிக்காமல் வைத்திருந்தார். "யாரு பெட்டியோ தெரியலண்ணே, கேட்டு வருவாங்கன்னு வச்சிருந்தேன்" என்றார். அந்த மனிதருக்கு என்றும் கடன்பட்டவன் நான். திருச்சிக்குப் போன் செய்து சொன்னபோது அந்தம்மா என்னைத் திட்டவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். என் கைக்கு வரும் எந்தச் சாமானிலும் பழைய நம்பர் இருக்கக் கூடாது. ஸ்டிக்கர் இருந்தால் சுரண்டு, சாக்பீஸ் குறி இருந்தால் துடை, மை எழுத்து இருந்தால் தின்னர் போடு. அப்புறம்தான் நம் நம்பர். யாராவது விட்டுவிட்டால் கத்துவேன். பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை ‘ரப்பர் அண்ணன்’ என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நல்ல விதிதான் அது, இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தப்பிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தை யோசிக்காமல் எல்லா இடத்திலும் போட்டால், அதுவே அடுத்த தப்பைக் கொண்டுவந்து விடும். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

அமெரிக்கப் படை பாக்தாத்துக்குள் புகுந்த வருஷம் நான் துபாயில் இருந்தேன். சத்வாவில் ஒரு பழைய கட்டடம். கீழே தையல் கடை, மேலே எங்கள் ரூம். ஆறு பேர். டிவியில் இராக் மியூசியங்களைக் கொள்ளையடித்த படம் காட்டினார்கள். உடைந்த கண்ணாடிப் பெட்டிகள், தரை முழுக்கக் காகிதம். பார்த்துவிட்டு "ச்சே" என்றேன், அப்புறம் சேனலை மாற்றச் சொன்னேன். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு வீட்டு வேலை வந்தது. வெளிநாட்டுக்காரர், ஜுமேராவில் தனி வீடு, ஐரோப்பாவுக்குக் குடிபோகிறார். மரியாதையான மனிதர். வேலைக்காரனைக் கூப்பிடாமல் தானே டீ போட்டுக் கொடுத்தார். என்னோடு வந்தவன் செல்லையா. ராமநாதபுரத்துக்காரன், என் ரூம்மேட், கை சுத்தமான வேலைக்காரன். படிக்கும் அறையில் அலமாரியில் ஐந்து கல் சிலைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறைவு. நான்கு ஆண், ஒரு பெண். மார்போடு கை கோத்து நின்றன. கண் மட்டும் பெரிது. அந்தப் பெண்ணுக்குக் கழுத்து ஒடுங்கலாக இருந்தது, பழைய விரிசல் ஒன்றும் ஓடியது.

"கடையில் வாங்கினேன், அலங்காரப் பொருள்" என்றார் அவர். பேக்கிங் லிஸ்டில் ‘அலங்காரக் கல் பொம்மை, ஐந்து’ என்று எழுதினேன்.

மேசையில் கீறல் விழக் கூடாது என்று ஐந்தின் அடியிலும் பச்சைத் துணி வட்டம் ஒட்டியிருந்தது. துபாய் வெயிலில் பசை இளகி, ஓரம் பிய்ந்து தொங்கியது. வழியில் கழன்றால் கல்லில் பசை ஒட்டிக்கொள்ளும் என்று ஐந்தையும் உரித்தேன். உரித்த இடத்தில், ஒவ்வொன்றிலும், சின்னதாக வெள்ளைப் பூச்சு. அதன்மேல் கறுப்பு மையில் அரபி எண்கள், ஐந்து இலக்கம். யாரோ மெல்லிய தூரிகையால் பொறுமையாக எழுதியது.

பழைய நம்பர்! என் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. முன்னால் சாமான் கட்டிய கம்பெனி போட்டது என்று முடிவு செய்தேன். எந்தக் கம்பெனி வெள்ளை அடித்து, தூரிகையால் எழுதி, மேலே வார்னிஷ் போடும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். முதல் நான்கும் சுலபமாகப் போயின. கடைசியாகப் பெண்ணைக் கவிழ்த்தபோது மட்டும் கை நின்றது. வளைகுடாவில் இருக்கிறவனுக்கு அரபி எண் படிக்கத் தெரியும், பஸ் நம்பர் அதில்தானே இருக்கிறது. கடைசி மூன்று எண் இருநூற்றுப் பதினாலு.

"செல்லையா, இங்க பார்றா. நம்ம ரூம் நம்பர்!"

அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அப்ப இந்தம்மாவும் நம்ம ரூம்தாண்ணே. ஏழாவது ஆளு. எங்க படுக்க வைக்கிறது?"

நானும் சிரித்துக்கொண்டே துடைத்தேன். மூன்றாவது தேய்ப்பில் போய்விட்டது. அப்புறம் கழுத்துக்கு மேலும் கீழும் தனித்தனியாக ஃபோம் வெட்டி, பாரம் தோளில் இறங்கும்படி கட்டினேன். அவ்வளவு நன்றாக நான் எதையும் கட்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். சென்னைக்காரர், கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. ஜெபல் அலி துறைமுகத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்கள். சிலைகள் இராக்கிலிருந்து திருடியவை என்று கஸ்டம்ஸுக்குச் சந்தேகம். கட்டியவன்தான் வந்து பிரிக்க வேண்டுமாம். காரில் போகும்போது மேனேஜர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டா மட்டும் பதில் சொல்லு. அதிகமா ஒரு வார்த்தை பேசாத. நாம பேக்கர்ஸ், அவ்ளோதான். ஏதாவது உளறி வச்ச, உன் விசா கேன்சல். நான் காப்பாத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

"நான் என்ன சார் உளறப் போறேன்" என்றேன். எனக்கு அதுவரை ஒன்றும் புரியவில்லை.

பரிசோதனைக் கொட்டகையில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்த அந்த மனிதரும் அவருடைய வக்கீலும். நடுவில் கஸ்டம்ஸ் அதிகாரி, அந்த ஊர்க்காரர், ஹிந்தி நன்றாகப் பேசுவார். மறுபக்கம் சிலைகளை அடையாளம் காட்ட வரவழைத்திருந்த ஒரு பெண்மணி, கறுப்பு உடையில். என் வயதுதான் இருக்கும். தெற்கு இராக்கில் ஒரு சின்ன ஊர் மியூசியத்தில் பதிவேடு எழுதும் வேலை பார்த்தவர் என்றும், இப்போது ஷார்ஜாவில் தம்பி வீட்டில் இருக்கிறார் என்றும் அதிகாரி சொன்னார். அவர் மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது.

நான் பெட்டியைத் திறந்து ஐந்தையும் எடுத்து வைத்தேன். அந்த அம்மா தொடுவதற்கு முன்னால் கையைத் தன் உடையில் துடைத்துக்கொண்டார். பெண் சிலையை எடுத்தார், உடனே கவிழ்த்தார். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. மற்ற நான்கையும் கவிழ்த்தார். எல்லாம் சுத்தம்.

"இங்கே எண் இருந்தது. நான் எழுதினேன்" என்றார். அரபியில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

விஷயம் இதுதான். மியூசியத்தின் பெரிய பதிவேட்டைக் கொள்ளையர்கள் எரித்துவிட்டார்கள். போர் வரும் என்று தெரிந்ததும் இந்த அம்மா முக்கியமான பொருட்களின் எண்களை மட்டும் அந்த நோட்டில் கையால் எழுதி வீட்டுக்குக் கொண்டு போயிருந்தார். எண்ணுக்கு எதிரே ‘பெண், கல், கை கோத்தது’ என்று இரண்டு மூன்று சொல், அவ்வளவுதான். படம் இல்லை, அளவும் இல்லை. வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "இந்த மாதிரிச் சிலை உலகத்தில் எத்தனையோ இருக்கிறது. எண் எங்கே? காட்டட்டும்" என்றார். கடை ரசீது ஒன்றையும் மேசையில் வைத்தார். எண் இல்லாவிட்டால் ஐந்தும் அந்த மனிதரோடு கப்பல் ஏறிவிடும்.

அந்த எண்கள் கொள்ளையடித்தவன் கையில் தப்பியிருக்கின்றன. எல்லை தாண்டி, எத்தனையோ கை மாறித் தப்பியிருக்கின்றன. எவனோ அவசரத்தில் அழிக்காமல் பச்சைத் துணியை ஒட்டி மறைத்திருக்கிறான். கடைசியில் என் கடமையில்தான் அழிந்தன.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீதானே கட்டினாய்? இதில் ஏதாவது நம்பர் பார்த்தாயா?"

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். என் பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. ஊரில் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அழித்தவன் நான் என்று தெரிந்தால் திருடனுக்குத் துணைபோனவன் என்று உள்ளே வைப்பார்களோ என்ற பயம். தம்பிகளே, நான் யோசித்து முடிவெடுக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"மாஃபி."

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரே சொல். வக்கீல் ஃபைலை மூடினார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

அந்த அம்மா என் பக்கம் வந்தார். கேள்வி கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் நான் பிரித்துப் போட்ட ஃபோம் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். கழுத்துக்காக நான் வெட்டிய வளைவை விரலால் தடவினார்.

"கழுத்தில் பாரம் விழாமல் கட்டியிருக்கிறாய். அங்கே ஒரு விரிசல் இருக்கிறது. யாருமே கவனிக்க மாட்டார்கள்" என்றார். "போருக்கு முன்னால் நானும் இவளைக் கட்டி உள்ளறையில் வைத்தேன். என் வீட்டுப் படுக்கை விரிப்பில். உன் அளவுக்கு எனக்கு வரவில்லை. ஷுக்ரன்."

நன்றி சொன்னார். எனக்கு. அதை என்னால் தாங்க முடியவில்லை. திருச்சியம்மா போனில் அழுததுதான் நினைவுக்கு வந்தது. நம்மைப் போலவே சாமானைத் தொட்டுத் தொட்டு வேலை பார்த்த ஒரு மனுஷி, நான் கெடுத்ததை அறியாமல், நான் நன்றாகச் செய்ததைப் பாராட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பப் போகிறார்.

"சாப்" என்று அதிகாரியைக் கூப்பிட்டேன். "நம்பர் இருந்துச்சு. அஞ்சுலயும் இருந்துச்சு. நான்தான் துடைச்சேன்."

மேனேஜர் தமிழிலேயே கத்தினார். "யோவ், என்னய்யா பேசற நீ!"

"இப்போதுதானே இல்லை என்றாய்?" என்றார் அதிகாரி.

"பொய் சொன்னேன். பயந்துட்டேன்."

எங்கள் வேலையில் பழைய நம்பரை ஏன் எடுப்போம் என்று சொன்னேன். பச்சைத் துணி, வெள்ளைப் பூச்சு, தின்னர், எல்லாம் சொன்னேன். பெண் சிலையின் கடைசி மூன்று எண் நினைவிருக்கிறது என்றேன். அதிகாரி ஒரு தாளைத் தள்ளினார். எழுதினேன். முன்னால் இரண்டு இலக்கம் உண்டு, அது நினைவில்லை என்றும் சொன்னேன்.

அவர் அந்த அம்மாவின் நோட்டை வாங்கினார். எனக்குக் காட்டவில்லை. பக்கம் பக்கமாக விரல் இறங்கியது. ஓரிடத்தில் நின்றது.

உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நியாயம்தான், ஒரு தரம் பொய் சொன்னவன் நான். "அப்போது உன்னோடு யார் இருந்தது?" என்று கேட்டார். செல்லையாவின் நம்பரை வாங்கி, என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு, மேனேஜரை விட்டு ஸ்பீக்கரில் போன் போட வைத்தார். செல்லையா என்ன சொன்னான் என்பது ரூமுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். "ஆமா சார், ரூம் நம்பர் மாதிரியே இருக்குன்னு அண்ணன் சொன்னாரு. இருநூத்திப் பதினாலு. ஏழாவது ஆளுன்னு நான் கிண்டல் பண்ணேன். ஏன் சார், ஏதும் உடைஞ்சிருச்சா?" அதை ஒரு வரிகூட மாற்றாமல் ஹிந்தியில் சொன்னவர் எங்கள் மேனேஜர்தான். அந்த நேரத்தில் அவர் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பெண் சிலை மேசையின் நடுவிலிருந்து அந்த அம்மாவின் பக்கம் போயிருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷம்தான்.

அதிகாரி மற்ற நான்கையும் காட்டினார். "இவை?"

கண்ணை மூடினேன். துணி தெரிந்தது, தின்னர் வாசனை வந்தது, கறுப்பு மை கரைந்து துணியில் இறங்கியதுகூடத் தெரிந்தது. எண் தெரியவில்லை. படித்திருந்தால்தானே தெரியும்? பெண்ணுடையதை மட்டும், அதுவும் வேடிக்கைக்காக, படித்தேன். மற்றவற்றைப் பார்க்காமலே துடைத்தேன்.

அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தார். கண்ணைத் திறந்தபோதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லி அது தப்பாகிவிட்டால் பெண்ணும் போய்விடுவாள் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

"இல்லம்மா. தெரியல" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு டியூட்டி இல்லை. ரூமில் உட்கார வைத்தார்கள். விசா எந்த நாளும் போகும் என்று பெட்டியைக் கட்டியே வைத்திருந்தேன். சில வாரம் கழித்து மேனேஜரே ரூம் வாசலில் வந்து நின்றார். முடிவு வந்துவிட்டது. பெண் சிலை இராக்குக்குத் திரும்பும். மற்ற நான்குக்கும் ஆதாரம் போதாது, சொந்தக்காரர் கொண்டு போகலாம். அவற்றை மறுபடி கட்ட வேண்டும், முன்னால் கட்டியவனே வர வேண்டும் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "யல்லா, கிளம்பு" என்றார் மேனேஜர். கேன்சல் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கொட்டகையில் அந்த அம்மாவும் இருந்தார். பெண் சிலையை அவருக்குத் தனிப் பெட்டியில் கட்டிக் கொடுத்தேன். கொடுத்ததும் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான்கு ஆண் சிலைகளை நான் எடுத்தபோது எதிரே வந்து நின்று, உடையின் கையை முழங்கைவரை ஏற்றிக்கொண்டு, ஃபோமைப் பிடித்துக் கொடுத்தார்.

"அம்மா, இது உங்களுக்கு இல்ல. அவருக்குப் போறது" என்றேன், எனக்குத் தெரிந்த அரபியில்.

"தெரியும்" என்றார். ஒரு சிலையின் மூக்கைக் காட்டினார். "இவனுக்கு இங்கே ஒட்டியிருக்கிறது, அழுத்தாதே. அவனுக்கு இடது முழங்கை. எங்கே போனாலும் உடையாமல் போகட்டும்."

நான்குக்கும் எங்கெங்கே பலவீனம் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அதையெல்லாம் யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. இருவரும் சேர்ந்து கட்டினோம். மூடிக்கு ஆணி அடிக்கும்போது எனக்குக் கண்ணீர் மறைத்தது. அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

நான்கும் எந்த ஊரில், எவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. உடைந்திருக்காது. அது மட்டும் நிச்சயம்.

அன்று சத்வாவில் பக்கத்துக் கடையில் ஒரு சின்ன நோட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு எந்தப் பழைய எண்ணையும் எழுதிக்கொள்ளாமல் தொட்டதில்லை. வேலையை விடும்வரை பதினோரு நோட்டு ஆயிற்று. பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத எண்கள், மேசை, ஃப்ரிட்ஜ், குழந்தைத் தொட்டில். அந்த நோட்டுகளை உங்கள் ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறேன், பிரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில், நினைவில்லாத இரண்டு இலக்கத்துக்கு இரண்டு கோடு போட்டு அதன் பக்கத்தில் 214 என்று எழுதியிருப்பேன். அதற்குக் கீழே நான்கு வரி காலியாக இருக்கும். எழுத மறந்துவிட்டேன் என்று நினைத்து யாரும் அதில் எதையும் எழுதிவிடாதீர்கள்.